ஃப்ரீஸரில் தூங்கும் ரத்தம், ஹார்டு டிஸ்க்கில் தூங்கும் தரவு!

ஆராய்ச்சிக் கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தில் ஒரு வாசகம் அடிக்கடி கண்ணில் படும். "நியாயமான காரணத்தோடு கேட்டால் தரவுகள் வழங்கப்படும்." கேட்டால் உண்மையிலேயே கிடைக்குமா? 2022ல் வெளியான ஓர் ஆய்வில், இப்படி எழுதியிருந்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் நிஜமாகவே மெயில் போட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். தரவைக் கொடுத்தவர்கள் 6.8 சதவீதம். மற்றவர்களில் பெரும்பாலோரிடமிருந்து பதிலே இல்லை. சிலரிடமிருந்து சாக்குகள்!

நூறு பேருக்குக் கடன் கொடுத்து ஏழு பேர் மட்டும் திருப்பித் தந்தால் ஊரில் அதைக் கடன் என்று சொல்வதில்லை. நாமம் என்றுதான் சொல்வார்கள்.

எந்தத் துறையிலும் இது கெட்ட பழக்கம்தான். ஆனால் ஒரு துறையில் இது வெறும் கெட்ட பழக்கம் அல்ல, செய்த ஆராய்ச்சியையே குப்பையில் போடும் காரியம். அந்தத் துறையின் பெயர் செல்வெளி ஆர்.என்.ஏ ஆய்வு.

செல்வெளி ஆர்.என்.ஏ என்றால் என்ன?

பள்ளிக்கூடப் பாடத்தில் படித்தது இதுதான். டி.என்.ஏ மூலப்பிரதி. ஆர்.என்.ஏ அதிலிருந்து எடுத்த நகல். அது செல்லுக்குள் வேலையை முடித்துவிட்டு அங்கேயே அழிந்துபோகும். இந்தக் கதையில் ஓர் ஓட்டை இருக்கிறது. 1948லேயே மான்டெல், மெத்தே என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் ரத்தத்தின் பிளாஸ்மாவில் நியூக்ளிக் அமிலங்கள் இருப்பதாக எழுதினார்கள். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2007ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகர ஆய்வாளர்கள், செல்கள் வெளியே தள்ளும் எக்ஸோசோம் என்ற நுண்பைகளுக்குள் ஆர்.என்.ஏ பயணம் செய்வதையும், போய்ச் சேர்ந்த செல்லில் அது வேலை செய்வதையும் காட்டினார்கள். 2008ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ரத்தத்தில் உலவும் மைக்ரோ ஆர்.என்.ஏ புற்றுநோயை அடையாளம் காட்டக்கூடும் என்றார்கள். அதன் பிறகு துறை பற்றிக்கொண்டது. மைக்ரோ ஆர்.என்.ஏவை முதலில் கண்டுபிடித்த விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ரவ்கனுக்கும் 2024ல் நோபல் பரிசும் கிடைத்தது.

மதுரைக்காரர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கலாம். வருடம் முழுவதும் அழகர்கோவிலில் இருக்கும் சுந்தரராஜப் பெருமாள் சித்திரையில் மலையை விட்டு இறங்கி வருகிறார். வெறுங்காலோடு வருவதில்லை. பல்லக்கில் வருகிறார். தங்கக் குதிரையில் வைகையில் இறங்குகிறார். அப்புறம் சேஷ வாகனம், கருட வாகனம். ஆர்.என்.ஏவும் அப்படித்தான். தனியாக ரத்தத்தில் இறங்கினால் அங்கே இருக்கும் நொதிகள் சில நிமிடங்களில் கடித்துத் துப்பிவிடும். அதனால் அது வாகனத்தில் ஏறி வருகிறது. நுண்பை ஒரு வாகனம். ஆர்கோனாட் என்ற புரதம் இன்னொரு வாகனம். நல்ல கொழுப்பு என்று சொல்கிறார்களே, அந்த ஹெச்.டி.எல் துகளும் ஒரு வாகனம்தான்.

இதனால் என்ன லாபம்? ஈரலிலோ மூளையிலோ கண்ணிலோ நடப்பதை, கத்தி வைக்காமல், ஒரு குழாய் ரத்தத்திலோ எச்சிலிலோ கண்ணீரிலோ படிக்க முடியும் என்ற நம்பிக்கை. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் மட்டுமே 10 கோடிக்கு மேல் என்று 2023ல் ஐ.சி.எம்.ஆர் ஆய்வு சொன்னது. அவர்களில் யாருக்குக் கண் போகும், யாருக்குக் கிட்னி போகும் என்று முன்கூட்டியே ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லுமானால் அது சின்ன விஷயமா?

சரி, சிக்கல் எங்கே?

சிக்கல் ரத்தக் குழாயிலிருந்தே ஆரம்பம். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் காலையில் ரத்தம் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். குழாய் அக்னி நட்சத்திர வெயிலில் பஸ் ஏறி, குலுங்கிக் குலுங்கி மதுரை வந்து சேர்கிறது. வழியில் கொஞ்சம் சிவப்பணுக்கள் உடைகின்றன. சிவப்பணுவுக்குள் மிர்-451, மிர்-16 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏக்கள் எக்கச்சக்கம். அவை பிளாஸ்மாவில் கொட்டுகின்றன. கடைசியில் லேபில் "இந்த நோயாளிகளுக்கு மிர்-451 அதிகம்" என்று ஒரு முடிவு வருகிறது. அது நோயின் அடையாளமா, பஸ்ஸின் அடையாளமா? கடவுளுக்குத்தான் வெளிச்சம்!

இன்னும் இருக்கிறது. குழாயில் ஹெப்பாரின் இருந்தால் அது பி.சி.ஆர் வினையையே தடுக்கும். சென்ட்ரிஃபியூஜில் ஒரு முறை மட்டும் சுற்றினால் தட்டணுக்கள் மிச்சம் இருக்கும். ஃப்ரீஸரில் வைத்து எடுக்கும்போது அவை வெடித்துத் தங்கள் சரக்கைக் கொட்டும். ஒரு கிட் நுண்பைகளை மட்டும் பிடிக்கும். இன்னொரு கிட் புரதத்தோடு வருவதையும் சேர்த்துப் பிடிக்கும். தங்கக் குதிரையை மட்டும் படம் பிடித்தவர் "அழகர் பல்லக்கில் வரவே இல்லை" என்று சத்தியம் செய்வது போல, ஒவ்வொரு லேபும் தன் கிட் பிடித்ததையே முழு உண்மை என்று எழுதும்.

இது மிகைப்படுத்தல் அல்ல. 2019ல் அமெரிக்க ஆய்வாளர்கள் பத்துப் பிரித்தெடுப்பு முறைகளை ஐந்து விதமான உடல் திரவங்களில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முறை மாறினால் கிடைக்கும் ஆர்.என்.ஏ பட்டியலே மாறுகிறது என்று தெரிந்தது. அதற்கு முன்பே, 2017ல், பெல்ஜியத்தின் கென்ட் நகரைச் சேர்ந்தவர்கள் நுண்பைகள் பற்றிய 1,226 கட்டுரைகளை அலசி, எப்படிச் செய்தார்கள் என்பதையே பலர் முழுதாக எழுதவில்லை என்று காட்டினார்கள்.

ஆக, ஒரு லேபின் நாற்பது சாம்பிளை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. பல லேப்கள், பல ஊர்கள், பல கிட்கள், எல்லாவற்றின் மூலத் தரவும், அவை எப்படி எடுக்கப்பட்டன என்ற குறிப்புகளும் ஒரே இடத்தில் இருந்தால்தான் எது நோய், எது பஸ் என்று பிரித்துப் பார்க்க முடியும். இந்தத் துறையில் பொதுத் தரவுத்தளம் என்பது ஆராய்ச்சி முடிந்த பிறகு செய்யும் தர்மகாரியம் அல்ல. அது சென்ட்ரிஃபியூஜ் மாதிரி ஓர் ஆராய்ச்சிக் கருவி. அது இல்லாமல் வேலை நடக்காது.

உலகம் என்ன செய்தது?

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2013ல் செல்வெளி ஆர்.என்.ஏவுக்கென்று ஒரு கூட்டமைப்பைத் தொடங்கியது. பணம் வாங்கும் லேப்கள் தரவைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும், எல்லாத் தரவும் ஒரே மென்பொருள் வழியில் அலசப்பட வேண்டும் என்று ஏற்பாடு. அப்படி உருவானதுதான் செல்வெளி ஆர்.என்.ஏ அட்லஸ். 2019ல் 19 ஆய்வுகளிலிருந்து 5,309 தரவுத் தொகுதிகளை ஒன்றாகப் போட்டு அலசியபோது, ஆர்.என்.ஏ சரக்குகள் ஆறு வகையாகப் பிரிவது தெரிந்தது. அந்த 19 ஆய்வுகளில் எந்த ஒன்றும் தனியாக இருந்திருந்தால் இது தெரிந்திருக்காது.

இதெல்லாம் டாலர் தேசத்துச் சமாச்சாரம் என்று ஒதுக்குபவர்களுக்கு இன்னொரு பெயர். சுரேஷ் மதிவாணன். பெங்களூரு இன்ஸ்டிட்யூட் ஆஃப் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸில் பணியாற்றி, பிறகு ஆஸ்திரேலியா போனவர். எக்ஸோசோமில் கிடைக்கும் புரதங்களையும் ஆர்.என்.ஏக்களையும் தொகுத்து 2009ல் எக்ஸோகார்ட்டா என்ற தரவுத்தளத்தை வெளியிட்டவர். 2012ல் அது எல்லா வகை நுண்பைகளுக்குமான வெசிக்கிள்பீடியாவாக விரிந்தது. உலகம் முழுவதும் உள்ள ஆய்வாளர்கள் தங்கள் தரவைத் தாங்களே சேர்க்கலாம் என்ற ஏற்பாட்டோடு. ராட்சத இயந்திரங்களை விட, பொறுமையாக உட்கார்ந்து கட்டுரை கட்டுரையாகப் படித்துப் பதிவு செய்யும் ஆட்கள்தான் இதற்கு முதல் தேவை. பொறுமையான ஆட்களுக்கு இந்த நாட்டில் என்ன பஞ்சம்?

மதுரைக்கு இது புதுசா?

புதுசே இல்லை. 1986-87ல் மத்திய பயோடெக்னாலஜி துறை நாடு தழுவிய உயிர்த்தகவல் வலையமைப்பைத் தொடங்கியபோது அதன் மையங்களில் ஒன்று மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அமைந்தது. வீடுகளில் கம்ப்யூட்டரே இல்லாத காலம் அது. இன்டர்நெட் என்ற வார்த்தையே ஊருக்குள் வராத காலம்.

அடுத்து, அரவிந்த் கண் மருத்துவமனை. 1976ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. அதன் பணியாளர்கள் கிராமம் கிராமமாகப் போய் எடுத்த விழித்திரைப் படங்கள், சர்க்கரை நோயால் வரும் பார்வை இழப்பைக் கம்ப்யூட்டரை வைத்துக் கண்டுபிடிக்கும் போட்டிக்காக 2019ல் கேகிள் தளத்தில் பொதுவில் வைக்கப்பட்டன. நோயின் நிலை குறிக்கப்பட்டவை மட்டும் 3,662 படங்கள். பல கேமராக்கள், பல இடங்கள், மங்கல், வெளிச்சக் கோளாறு எல்லாம் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லித்தான் கொடுத்தார்கள். உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் மாணவர்கள் மதுரைப் பக்கத்துக் கிராமவாசியின் விழித்திரையை வைத்துப் படித்தார்கள், இன்னமும் படிக்கிறார்கள். வானம் இடிந்து விழவில்லை.

மூன்றாவது, இணையத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியது. உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்தார்கள். அந்தக் காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம். ஒருவர் அனுப்பிய தமிழ் இன்னொருவர் கணினியில் பூச்சி பூச்சியாகத் தெரியும். டிஸ்கி, டாம், டாப் என்று சண்டை போட்டு, கடைசியில் யூனிகோடில் வந்து சேர்ந்த பிறகுதான் தேடவும் ஒப்பிடவும் முடிந்தது. செல்வெளி ஆர்.என்.ஏ துறை இன்றைக்கு டிஸ்கி காலத்தில் நிற்கிறது. ஆளுக்கொரு கிட், ஆளுக்கொரு கோப்பு வடிவம். பொதுத் தரம் வந்தால்தான் பூச்சிகள் எழுத்தாகும்.

ஆட்சேபங்கள்... வரிசையாக வரட்டும்

"வெள்ளைக்காரன் தூக்கிக்கொண்டு போய்விடுவான்!"

முதலில் வரும் ஆட்சேபம் இதுதான். மஞ்சளை நினைத்துப் பார்க்கலாம். மஞ்சள் காயம் ஆற்றும் என்பதற்கு 1995ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். 1997ல் அது ரத்தானது எப்படி? சி.எஸ்.ஐ.ஆர் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் ஆதாரமாகக் கொண்டுபோய் நிறுத்தியதால். அதாவது, ஏற்கெனவே பொதுவில் பதிவானதால்தான் மஞ்சள் தப்பித்தது. பாட்டி மனதுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தால் போயே போயிருக்கும். தேதியோடு பொதுவில் பதிவான தரவு திருட்டுக்கு எதிரான சாட்சி. பூட்டி வைத்த தரவு யாருக்குமே சாட்சி இல்லை.

"நான் கஷ்டப்பட்டு எடுத்த தரவை வைத்து வேறு எவனோ பேப்பர் போடுவான்."

ஆராய்ச்சி மாணவரின் இந்தப் பயம் நியாயமானது. கேலி செய்யக் கூடாது. ஆனால் இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. பொதுக் களஞ்சியங்களில் தரவைச் சேர்த்துவிட்டு, கட்டுரை வெளிவரும் வரை மூடியே வைக்கலாம். சேர்த்த தேதியும் எண்ணும் கையில் இருக்கும். மனித மரபணுத் திட்டத்தில் 1996ல் பெர்முடாவில் கூடியவர்கள், வரிசைப்படுத்திய தரவை 24 மணி நேரத்தில் வெளியிடுவது என்று முடிவு செய்தார்கள். அந்த அளவுக்கு யாரும் கேட்கவில்லை. கட்டுரை வெளிவரும் அன்றைக்காவது திறக்கலாமே?

"காசு இல்லை."

அமெரிக்காவின் ஜியோ, ஐரோப்பாவின் ஈ.என்.ஏ போன்ற களஞ்சியங்களில் தரவு சேர்க்கக் கட்டணம் கிடையாது. உள்ளூரிலும் சாக்குச் சொல்ல இடமில்லை. 2021ல் மத்திய அரசு உயிரியல் தரவுப் பகிர்வுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2022 நவம்பரில் ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் திறக்கப்பட்டது. கட்டடம் இருக்கிறது, கணினி இருக்கிறது. இல்லாதது ஆள். தரவை ஒழுங்குபடுத்திக் குறிப்பெழுதும் வேலைக்குப் பெரும்பாலான லேப்களில் பதவியும் இல்லை, மதிப்பும் இல்லை. லட்சங்களில் மெஷின் வாங்கினால் ரிப்பன் வெட்டிப் படம் எடுக்கிறார்கள். எக்செல் கோப்பைச் சரிபார்த்தவருக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

"நோயாளியின் அந்தரங்கம் என்ன ஆவது?"

இதுதான் உண்மையான ஆட்சேபம். மற்றவை சாக்கு, இது பொறுப்பு. ஆர்.என்.ஏ வரிசையிலும் ஆளுக்கு ஆள் மாறும் மரபணு எழுத்துகள் இருக்கும். பெயரை அழித்தால் மட்டும் ஆள் மறைந்துவிட மாட்டார். ஊர்ப் பெயர், சாதி, அபூர்வ நோய், வயது நான்கையும் ஒரே வரியில் போட்டால் அந்த ஊர் டீக்கடையில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் இரண்டு அடுக்கு வேண்டும். எந்த ஆர்.என்.ஏ எவ்வளவு என்ற எண்ணிக்கை அட்டவணை எல்லோருக்கும். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய மூல வரிசைகள், அனுமதி வாங்கியவர்களுக்கு மட்டும். அமெரிக்க அட்லஸ் இப்படித்தான் இயங்குகிறது. ஃபரிதாபாத் மையமும் கட்டுப்படுத்தப்பட்ட அனுமதிக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறது. ஒப்புதல் படிவம் தமிழில், பேச்சுத் தமிழில், இருக்க வேண்டும். "உங்கள் ரத்தத்திலிருந்து கிடைக்கும் விவரத்தை வேறு ஆராய்ச்சியாளர்களும் பார்க்கலாமா?" என்று தனியாகக் கேட்க வேண்டும். மாட்டேன் என்று சொன்னால் விட்டுவிட வேண்டும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தரங்கத்தைக் காரணம் காட்டித் தரவை மூடி வைக்கும் அதே இடத்தில், அந்தத் தரவு எங்கே இருக்கும்? பாஸ்வேர்டு இல்லாத ஹார்டு டிஸ்க்கில், மேஜை டிராயரில். படிப்பை முடித்த மாணவர் வேறு ஊருக்குப் போனால் அதுவும் கூடவே போகும். இல்லாவிட்டால் பழுதாகி ஊமையாகும். இதற்குப் பெயர் பாதுகாப்பா?

செய்ய வேண்டியது என்ன?

அழகர்கோவிலில் ஒரு வழக்கம் சொல்வார்கள். அழகர் மதுரைக்குக் கிளம்பும்போது பதினெட்டாம்படிக் கருப்பசாமி முன்னால் நகைப் பட்டியலை வாசித்துவிட்டுத்தான் கிளம்புவார்களாம். திரும்பி வந்ததும் பட்டியலோடு சரிபார்ப்பார்களாம். வெளியே போகும் பொருளுக்குப் பட்டியல் வேண்டும் என்ற அறிவு அந்த மலையடிவாரத்துக்கு எப்போதோ வந்துவிட்டது. ஆய்வகங்களுக்கு அந்தப் பட்டியல்தான் மெட்டாடேட்டா. அது ஒரு பக்கம் போதும்:

1. என்ன குழாய், எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை மணிக்கு லேபுக்கு வந்தது, வழியில் ஐஸ் இருந்ததா.

2. சாப்பிட்டதற்கு முன்பா பின்பா, என்ன மருந்து, சர்க்கரை உண்டா, காசநோய் உண்டா.

3. எத்தனை முறை சுற்றியது, எந்த வேகம், சிவப்பணு உடைந்திருந்ததா, எத்தனை முறை உறையவைத்து உருக்கியது.

4. எந்த கிட், எந்த இயந்திரம், எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு.

இந்த ஒரு பக்கம் இல்லாமல் தரவை மட்டும் கொண்டுவந்து கொட்டினால் அது பகிர்வு அல்ல, குப்பை.

பட்டியலுக்கு அடுத்தது விதி. பொதுப் பணத்தில் நடக்கும் திட்டத்துக்கு, தரவுப் பதிவு எண் இல்லாமல் கடைசித் தவணை கொடுக்கக் கூடாது. ஆய்வேட்டுக்கு, பதிவு எண் இல்லாமல் வைவா வைக்கக் கூடாது. தொ.பரமசிவனின் 'அழகர் கோயில்' ஆய்வேட்டை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989ல் நூலாக வெளியிட்டது. அச்சில் இருப்பதால்தான் இன்றும் ஒருவர் அதை எடுத்து வாதாடவும் மறுக்கவும் முடிகிறது. ஒரு கோயிலைப் பற்றிய ஆய்வுக்கு இருக்கும் அந்தக் கதி ரத்தத்தைப் பற்றிய ஆய்வுக்கு வேண்டாமா?

விதியோடு சேர்த்து, ஒன்றும் கிடைக்காத முடிவுகளும் உள்ளே வர வேண்டும். "இந்த மைக்ரோ ஆர்.என்.ஏவுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இல்லை" என்று தெரிந்த தரவு எந்த ஜர்னலிலும் வராது. அது வராததால் அடுத்த லேப் அதே பணத்தை அதே பள்ளத்தில் கொட்டும்.

இவற்றைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? பரிசோதனை வரத்தான் போகிறது. ஹூஸ்டனிலோ ஷாங்காயிலோ எடுத்த ரத்தத்தை வைத்து "இதுதான் நார்மல்" என்று ஒரு கோடு போடுவார்கள். அந்தக் கோட்டோடு கிட் பெட்டி மேலூருக்கு வந்து சேரும். சோறும், வெயிலும், சர்க்கரையும், காசநோயும் வேறாக இருக்கும் ஓர் உடலை அந்தக் கோட்டில் வைத்து அளப்பார்கள். நோய் இல்லாதவரைப் பயமுறுத்தும், நோய் உள்ளவரைத் தட்டிக்கொடுத்து அனுப்பும். அப்போது "எங்கள் மக்களின் தரவு அதில் இல்லையே" என்று இங்கிருந்தே ஒருவர் கட்டுரை எழுதுவார். கடைசிப் பக்கத்தில் அதே வாசகத்தோடு... நியாயமான காரணத்தோடு கேட்டால் தரவுகள் வழங்கப்படும்!

ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒரு கூலித் தொழிலாளி, அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து கையை நீட்டி ரத்தம் கொடுக்கிறார். அவருக்கு அதனால் நேரடி லாபம் எதுவும் இல்லை. "நாளைக்கு யாருக்காவது பிரயோஜனப்படும்" என்று சொல்லித்தான் வாங்குகிறார்கள். அந்த வாக்கைக் காப்பாற்ற ஒரே வழி, அந்த யாரோ ஒருவர் அந்தத் தரவைப் பார்க்க முடிவது. ரத்தம் கொடுத்தவர் நிபந்தனை போடவில்லை. வாங்கியவர் போடுவது எந்த ஊர் நியாயம்?

மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். தரவோடு மறுத்தால் ரொம்பவே நல்லது :-)